குடிபுகுந்தோர் வாழ்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடையிட்டுத் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. முன்னது ஆண்டாள் கோயிலாற் பெயர் பெற்றது; பின்னது பஞ்சாலைகளால். இரண்டும் பெருநகரங்கள் அல்ல. ஆயினும், அயலிலிருந்து வந்தோரை ஏற்று வாழ்வித்தலில் நெடுநாட் பழக்கம் உடையவை.

இராசபாளையத்தின் பெயருக்குக் காரணமான இராசுக்கள் தெலுங்கு நாட்டினின்றும் வந்தோர். விசயநகரப் பேரரசின் தொடர்பால் தென்றிசை போந்த அவர்கள், பழையபாளையம், சிங்கராசா கோட்டை முதலிய பகுதிகளில் உறவினர் சூழக் குடியமர்ந்தனர். இல்லத்தில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழுமாக வாழ்ந்தனர்; இன்றும் அவ்வாறே வாழ்கின்றனர். தாய்மொழியை மறவாமையால் அவர்கள் தமிழ்நாட்டிற்கு அயலார் ஆகிவிடவில்லை. அம்மரபில் தோன்றிய பூ. ச. குமாரசுவாமி இராசா 1949 முதல் 1952 வரை சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராக விளங்கினார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் பணியாற்றினார். 1936-இல் அவ்வூரில் பஞ்சாலை நிறுவிய பி. ஏ. சி. இராமசாமி இராசாவும் அம்மரபினரே.

அன்று அவர் ஆளச் சென்ற நாட்டினின்றும், பீகார் முதலிய பிற பகுதிகளினின்றும், இன்று இளைஞர் பலர் தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளுக்கு வேலை தேடி வருகின்றனர். ஆலையினுள் அவர்களுக்கு இடர் மிகுதியில்லை. கதிருக்கும் நூலுக்கும் மொழி ஏது? வெளியே வந்த பின்னரே இடர் தொடங்கும். கடுகெண்ணெயிற் சமைத்துண்டவனுக்கு நல்லெண்ணெயின் மணம் பிடிபடச் சின்னாள் செல்லும். நாற்பதிற்கும் நானூறிற்கும் வேறுபாடு விளங்கும் வரையில் கடைவீதியிற் கைவிரல்களே அவனுக்கு மொழி. பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் வாசலில் இட்ட கோலம் போலத் தோன்றும். அழகாயிருக்கும், பொருள் தராது. ‘அண்ணா’ என்று ஒருவரை விளித்து வழி கேட்கக் கற்ற அன்றே அவனது அச்சம் பாதி அகலும்.

உணவுப் பொருள் பெறுவதில் ஓர் எளிமை உண்டாயிற்று. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, பிற மாநிலத்துக் குடும்ப அட்டையைக் காட்டி இங்குள்ள நியாயவிலைக் கடைகளில் அரிசியும் கோதுமையும் பெறலாம்.

வீடு கிடைப்பது அத்துணை எளிதன்று. முன்பணம் கேட்பது முறையே. மொழியைக் கேட்ட அளவில் கதவடைப்பது முறையாகுமா? முன்னோர் வந்த வழியை மறந்தாரே அவ்வாறு செய்வர்.

நோயுற்ற நாளிலேதான் மொழியின்மை மெய்யாகவே வருத்தும். வயிறு நோகிறது என்பதைக் கையாற் காட்டலாம். அது குத்துகின்றதா, எரிகின்றதா, எத்தனை நாளாக என்று மருத்துவர் வினவினால் கை என்ன செய்யும்? ஈராண்டு முன்னர் வந்த தோழன் ஒருவன் அப்போது உடன் செல்வான். அவனது அரைகுறைத் தமிழே நோயாளிக்கு முதல் மருந்து.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலைச் சுண்டக் காய்ச்சிய திரட்டினை வடநாட்டார் ‘கோவா’ என்பர். அச்சொல்லும் இங்கு வந்து குடிபுகுந்ததே. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஆலைத் தொழிலாளி, தமிழ்நாட்டுத் தின்பண்டம் என்று சொல்லித் தன் தாய்க்கு அதனையே வாங்கிச் செல்கின்றான்.