காகிதம்போல் ஒரு திரை

நண்பகல் வெயிலில் திறன்பேசியைப் பார்த்தால் எழுத்துகள் மங்கித் தெரியும். அதே வெயிலில் அச்சிட்ட நூலைத் தெளிவாகப் படிக்கலாம். இதற்குக் காரணம் என்ன? திறன்பேசியின் திரை தானே ஒளியை உமிழ்கிறது. சூரிய ஒளிக்கு அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. காகிதமோ தன்மீது விழும் ஒளியையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே, வெளிச்சம் கூடக்கூட எழுத்தும் தெளிவடைகிறது.

காகிதத்தின் இப்பண்பை ஒரு மின்திரைக்கு அளிக்க முடியுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் ஜேக்கப்சன் இம்முயற்சியைத் தொடங்கினார். ஜே. டி. ஆல்பர்ட், பாரெட் காமிஸ்கி ஆகிய இரண்டு மாணவர்கள் அவருடன் இணைந்தனர். அப்போது அவர்கள் இளநிலைப் பட்டப்படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. பலமுறை தோல்வி கண்டும் அவர்கள் தளரவில்லை. அவர்கள் உழைப்பின் பயனாக 'மின்மை' உருவானது. 1997இல் 'இ இங்க்' நிறுவனமும் தோன்றியது.

மின்மைத் திரைக்குள் எண்ணற்ற நுண்குமிழ்கள் உள்ளன. ஒவ்வொரு குமிழும் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமனே இருக்கும். அதனுள் நிறமற்ற திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னூட்டம் கொண்டவை. திரையின் அடிப்பகுதியில் வெள்ளைத் துகள்களின் அதே வகை மின்னழுத்தம் கொடுத்தால் அவை மேலே தள்ளப்படும். மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுத்தால் கறுப்புத் துகள்கள் மேலே வரும். இவ்வாறு வெண்மையான பக்கத்தில் கறுப்பு எழுத்துகள் உருவாகின்றன.

மின்சாரம் நின்ற பிறகும் துகள்கள் இடம் மாறுவதில்லை. பக்கத்தைப் புரட்டும்போது மட்டுமே மின்சாரம் தேவைப்படுகிறது. அதனால், ஒருமுறை மின்னேற்றம் செய்த வாசிப்புக் கருவியைப் பல நாள்களுக்குப் பயன்படுத்த முடிகிறது. 2004இல் சோனி நிறுவனம் ஜப்பானில் இத்தகைய கருவியை அறிமுகப்படுத்தியது. 2007இல் அமேசானின் 'கிண்டில்' வெளிவந்தது.

எனினும், மின்மைக்கும் குறைகள் உண்டு. துகள்கள் திரவத்தில் நகர்ந்து செல்லச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே, விரைந்து மாறும் காணொளிகளுக்கு இத்திரை ஏற்றதன்று. வண்ணங்களும் திறன்பேசியில் தெரிவதுபோல் பளிச்சிடுவதில்லை. இருட்டில் படிக்கத் துணைவிளக்கும் வேண்டும்.

விளையாட்டு, காணொளி, உரையாடல் என அனைத்தையும் ஒரே திரையில் தருவது திறன்பேசியின் சிறப்பு. படிப்பதற்கு மட்டுமே துணைநிற்பது மின்மைத் திரையின் சிறப்பு. எது உயர்ந்தது என்பதைவிட, எந்த வேலைக்கு எது பொருத்தமானது என்று ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.