மருதமரமும் மாரடைப்பும்: ஆய்வுக்கூடம் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

வயலும் வயல் சார்ந்த நிலமும் மருதம் எனத் தமிழர் வகுத்தனர். அத்திணைக்குப் பெயர் தந்தது ஆற்றங்கரை மரமாகிய மருதம். வையை ஆற்றின் திருமருத முன்துறை பரிபாடலில் இடம்பெறுகிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் அய்யம்பாளையத்தை அடுத்துள்ள அணை மருதாநதி என்றே பெயர் பெற்றுள்ளது. இலக்கியத்தில் நாம் நாளும் கற்பிக்கும் இம்மரத்தின் பட்டை நாட்டு மருந்துக் கடைகளில் இதயத்திற்கு உகந்தது என்று விற்கப்படுகிறது. இந்நம்பிக்கையை அறிவியல் எவ்வாறு சோதித்தது, அச்சோதனை எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியன் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தா மாரடைப்புக்கு ஆளாகி மருத்துவத்தால் பிழைத்து வீடு திரும்பினார். அந்நாளில் ஓர் இதழில், எலிகளிடம் செய்த ஆய்வில் மருதம்பட்டை மாரடைப்பைத் தடுப்பது உறுதியாயிற்று என்ற துணுக்கைப் படித்தேன். பட்டையை வாங்கி வந்தவன் நானே. அத்தா கசாயத்தை நம்பி மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஏழாம் மாதம் மீண்டும் நெஞ்சுவலி வந்தது. இறையருளால் உயிர் தங்கியது. எனினும் இதயத்தின் வலிமை குன்றிவிட்டது. பட்டை தீங்கு செய்தது என்று யான் கூறவில்லை. மாத்திரையை நிறுத்தியதே தீங்கு. அத்துணுக்கை நான் படித்த முறையே பிழை.

பெயர் ஒன்று, மரம் பல

மருது என்னும் பெயர் தாங்கிய மரங்கள் பல. நீர்மருது, கருமருது, பூமருது என்பன வெவ்வேறானவை. பூமருது வேறு குடும்பத்தையே சார்ந்தது. சங்கப் புலவர் பாடிய மருதம் இவற்றுள் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதய மருந்தாக ஆராயப்பட்டது நீர்மருது. தாவரவியலார் இதனை டெர்மினேலியா அர்ச்சுனா என்பர். ஆயுர்வேத நூலாசிரியரான வாக்பட்டர் இதன் பட்டையை இதய நோய்க்குப் பரிந்துரைத்தார். ஆகவே கடையில் பெறும் பட்டை எம்மரத்தினது என்பதே முதல் வினாவாகிறது.

எலியின் இதயத்தில் நிகழ்ந்தது

1959ஆம் ஆண்டு கனடா நாட்டைச் சேர்ந்த ரோனாவும் அவர்தம் கூட்டாய்வாளரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஐசோபுரோட்டிரினால் என்னும் செயற்கை மருந்தை மிகுந்த அளவில் எலிக்குச் செலுத்தினால், மாரடைப்பில் காணப்படுவது போன்றே அதன் இதயத்தசை சிதைகிறது என்பதே அது. இம்மருந்து இதயத்தை அளவிறந்து துடிக்கச் செய்கிறது. தசையின் உயிர்வளித் தேவை பெருகுகிறது. தேவைக்கேற்ற வரவு இல்லாமையாலும், உயிர்வளியிலிருந்து தோன்றும் தீங்கான துகள்களின் தாக்குதலாலும் உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றுள் இருந்த கிரியேட்டின் கைனேஸ் முதலிய நொதிகள் குருதியில் கசிகின்றன. இந்நொதிகளின் அளவு சேதத்தின் அளவைக் காட்டும்.

இம்முறையைக் கொண்டு சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சுமித்ரா, புவனகிருஷ்ணன் முதலியோர் நீர்மருதின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த அர்ச்சுனாலிக் அமிலத்தை ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில், சேதத்திற்கு முன்னும் பின்னும் இது தரப்பட்டது. நொதிக் கசிவு குறைந்தது. இதய மின்வரைபடம் இயல்பு நிலையை நோக்கித் திரும்பியது. நுண்ணோக்கியில் கண்ட தசையும் காக்கப்பட்டிருந்தது. தமிழகத்து ஆய்வாளர் நிகழ்த்திய இவ்வாய்வு பாராட்டிற்குரியது என்பதில் ஐயமில்லை.

எலிக்கும் மனிதனுக்கும் இடையே

ஆயினும் மூன்று வேறுபாடுகளை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, நோயின் வேறுபாடு. மனிதனுக்குப் பெரும்பாலும் பல்லாண்டுகளாக இதயத் தமனியில் படிந்த கொழுப்பு வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து அடைப்பதால் மாரடைப்பு நேர்கிறது. எலியின் தமனியிலோ அடைப்பு இல்லை. அதன் சேதம் ஊசி மருந்தால் விளைந்தது.

இரண்டாவது, மருந்தின் வேறுபாடு. எலிக்குத் தரப்பட்டது தூய்மையாகப் பிரித்த ஒரே பொருள். அது வாய்வழி புகட்டப்படவில்லை, வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தப்பட்டது. நாம் பருகும் கசாயத்திலோ பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றின் அளவும் நாம் அறியாதது.

மூன்றாவது, காலத்தின் வேறுபாடு. இவ்வகை ஆய்வுகள் பலவற்றில் சேதம் நேரும் முன்னரே காப்புப் பொருள் தரப்படுகிறது. மனிதனோ வலி தொடங்கிய பின்னரே மருத்துவரை நாடுகிறான்.

எனவே மனிதரிடம் சோதித்தல் இன்றியமையாததாகிறது. 1995இல் இந்தூர் மருத்துவர்கள் கடுமையான இதயத் தளர்ச்சியுற்ற 12 நோயாளரிடம் மருதம்பட்டைச் சாற்றால் நற்பயன் கண்டனர். பின்னர்ப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் 100 நோயாளரிடம் 12 வாரங்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். நோயாளர் சிலரின் இயங்குதிறன் மேம்பட்டது. ஆனால் இதயம் குருதியை உந்தும் திறன் உயரவில்லை. இவையும் இதயத் தளர்ச்சி பற்றியனவே அன்றி, மாரடைப்பைத் தடுத்தல் பற்றியன அல்ல.

இப்னு ஸீனா வகுத்த நெறி

இவ்வெச்சரிக்கை புதிதன்று. இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் மருந்தைச் சோதிக்கும் நெறிகளைத் தொகுத்துரைத்தார். ஒருமுறை கண்ட பயன் தற்செயலாகலாம், பலரிடத்தும் மாறாது காணப்படல் வேண்டும் என்றார். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட விளைவு மனிதனுக்குச் சான்றாகாமல் போகலாம், ஆதலின் மனித உடலிலேயே சோதனை நிகழ வேண்டும் என்றும் வரையறுத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இவ்வரையறையை என் கையிலிருந்த இதழ்த் துணுக்கு மறந்திருந்தது. நானும் மறந்திருந்தேன்.

இதனால் மூலிகை மருத்துவம் பயனற்றது என்று முடிவு செய்தல் தவறாகும். சலீமுஸ்ஸமான் சித்தீக்கி 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, யூனானி மேதை ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். அது இதயத்துடிப்புக் கோளாற்றுக்கு மருந்தாயிற்று. வில்லோ மரப்பட்டையின் வேதிப்பொருளை ஆராய்ந்த மரபில் தோன்றியதே ஆஸ்பிரின். 1988இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, மாரடைப்பு ஐயத்துடன் வந்த 17,187 நோயாளரை ஆராய்ந்து, ஆஸ்பிரின் இதய, குருதிக்குழாய் மரணங்களை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைத்தது என நிறுவியது. மரப்பட்டையில் தொடங்கிய பயணம் மனிதச் சோதனை என்னும் இறுதிப் படியைக் கடந்தமையால் அம்மாத்திரை மருத்துவரின் கைக்கு வந்தது.

வாயில்லா உயிரும் நம் கடமையும்

இவ்வாய்வுகளில் உயிர் துறக்கும் எலிகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரோனாவின் ஆய்வு வெளிவந்த அதே 1959இல், ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் விலங்குச் சோதனைக்கு மூன்று நெறிகளை வகுத்தனர். மாற்றுவழி உண்டாயின் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்டவள் தண்டனைக்குள்ளான செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்நெறி அந்நியமன்று. அவ்வுயிர்கள் தந்த சான்றைத் திரித்துரைப்பதும் அவற்றுக்கு இழைக்கும் அநீதியே.

முடிவுரை

விலங்காய்வு வாயிற்படி, அதுவே வீடு ஆகாது. மாணவச் செல்வங்களே, ‘மாரடைப்பைத் தடுக்கும்’ என்னும் செய்தியைக் காணும்போது, யாரிடம் சோதித்தனர், எத்தனை பேரிடம், எவ்வடிவில், எதனோடு ஒப்பிட்டு என்னும் நான்கு வினாக்களை எழுப்புங்கள். பெரியோர்களே, மூலிகை உண்பதாயின் அதனை உங்கள் மருத்துவரிடம் மறைக்க வேண்டா. அவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டா. நெஞ்சு வலித்தால் கசாயம் காய்ச்சக் காலம் கடத்தாது 108ஐ அழையுங்கள்.

அத்தாவின் மாத்திரைகளை இன்று நானே எண்ணிக் கொடுக்கிறேன். மருதத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், படிக்கத் தெரிவது வேறு, படித்ததை எடைபோடத் தெரிவது வேறு என்பதையும் சேர்த்தே நடத்துகிறேன்.