பழைய அம்பாசிடர் வளைவில் ஆடாமல் ஓட

அம்பாசிடர் காரைப் பார்க்காதவர் நம் நாட்டில் குறைவு. கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், உத்தர்பாரா என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் இந்தக் கார் தயாரானது. இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாக வைத்து, 1950-களின் கடைசியில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். 2014-இல் தயாரிப்பு நின்றது. மந்திரி போனதும் இதில்தான். கல்யாண மாப்பிள்ளை போனதும் இதில்தான். கொல்கத்தாவில் மஞ்சள் டாக்சியாக ஓடியதும் இதுதான்.

இன்று இருக்கும் அம்பாசிடர் எல்லாமே பழைய வண்டிதான். 30, 40 வயதான வண்டிகளும் உண்டு. சிலர் ஆசையாக வாங்கிப் பெயின்ட் அடித்து மினுக்குகிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் புதிதாக்குகிறார்கள். ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. வளைவில் வண்டி சாய்வதற்கும், மழையில் வால் வழுக்குவதற்கும் காரணம் அடியில்தான் இருக்கிறது.

அடியில் என்ன இருக்கிறது?

உங்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். அம்பாசிடரின் எடை ஒரு டன்னுக்கும் மேல். அத்தனை எடையும், உள்ளே இருக்கும் உயிர்களும், நான்கு உள்ளங்கை இடத்தை நம்பி ஓடுகின்றன. டயர் ஒரு நொடி தரையை விட்டு எழும்பினாலும் அந்த நொடியில் பிரேக் பிடிக்காது. ஸ்டியரிங்கும் கேட்காது. டயரைத் தரையோடு ஒட்டி வைப்பதுதான் சஸ்பென்ஷனின் முதல் வேலை. உட்கார்ந்திருப்பவருக்குச் சுகம் தருவது இரண்டாவது வேலை.

அம்பாசிடரின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். மாட்டு வண்டியில்கூட இதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வடக்கே இதைக் கமானி என்பார்கள். முன்பக்கம் வேறு மாதிரி. அங்கே சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளமான இரும்புத் தண்டு இருக்கிறது. டார்ஷன் பார் என்று பெயர். தண்டின் ஒரு முனை வண்டியின் உடம்போடு கட்டியிருக்கும். மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேடேறும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும். ஈரத் துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். அது திரும்ப அவிழப் பார்க்கும் அல்லவா? தண்டும் அப்படித்தான் அவிழ்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளும்.

அடுத்தது ஷாக் அப்சர்பர். அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பெயரும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங். ஒரு முறை அமுங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. சிறு துளைகள் வழியே எண்ணெய் புகுந்து போகும்போது ஆட்டம் அடங்குகிறது.

பட்டையைக் கூட்டலாமா?

வண்டி பின்னால் படுத்திருக்கிறது, வளைவில் சாய்கிறது என்றால் பலர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். “இரண்டு பட்டை சேர்த்துப் போடு.” கொல்கத்தாவில் ஒரு பட்டறையில் நடக்கும் பேச்சு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். ஒருவரை ஒருவர் தாதா என்று கூப்பிடுவார்கள். பயப்பட வேண்டாம். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

“தாதா, வண்டி ரொம்ப ஆடுது. பட்டையைக் கூட்டிப் போடுங்க.”

“போடலாம் தாதா. தினமும் எத்தனை பேர் ஏத்துறீங்க?”

“நானும் என் சம்சாரமும்தான்.”

“அப்போ வேண்டாம். காலி வண்டியில் பின்சக்கரம் குதிக்கும். மழையில் வால் போயிடும். முதல்ல ஷாக்கைப் பாருங்க. எண்ணெய் ஒழுகி எத்தனை நாளாச்சோ!”

மிஸ்திரி சொல்வது சரி. பட்டை கூடினால் ஸ்பிரிங் விறைப்பாகும். பழைய ஷாக்கால் அந்த விறைப்பை அடக்க முடியாது. சக்கரம் ஒவ்வொரு குழியிலும் துள்ளும். வளைவில் பின்பக்க எடை வெளிப்பக்க டயருக்கே போகும். உள்பக்க டயர் பிடிப்பை இழக்கும். சாய்வது குறைந்தது போலத் தோன்றும். உண்மையில் வழுக்கும் ஆபத்து கூடிவிட்டது. இதனால்தான் இந்த வைத்தியம் பொல்லாதது. ஓட்டுகிறவருக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டு, பிடிப்பை எடுத்துக்கொள்கிறது.

பட்டை தளர்ந்துபோனால் அதற்கு வேறு வழி உண்டு. ஸ்பிரிங் பட்டறையில் பிரித்து, உடைந்த பட்டையை மாற்றி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து தருவார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும். திரும்பப் பூட்டிச் சில நாள் ஓட்டியபின் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

எதிலிருந்து தொடங்குவது?

டயரிலிருந்து தொடங்குங்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் காருக்கு ஆகாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தேயாத டயராக இருந்தாலும், பல வருடம் கிடந்து வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். காற்றை வண்டி ஓடும் முன், டயர் சூடாகாதபோது பாருங்கள். பழைய வண்டிகளில் நைலான் டயர் இருக்கும். ரேடியல் டயர் போட்டால் வளைவில் பிடிப்பு நன்றாகத் தெரியும். ஆனால் நான்கையும் ரேடியலாகப் போடுங்கள். ஒரு அச்சில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று கலக்கவே கூடாது.

பிறகு ஷாக். வண்டியின் ஒரு மூலையைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. இரண்டு, மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது. எண்ணெய் ஒழுகினாலும் அப்படித்தான். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். காசு இருந்தால் கேஸ் நிரப்பிய ஷாக் வாங்கலாம். மோசமான சாலையில் வெகுநேரம் ஓடினால் சாதா ஷாக்கின் எண்ணெய் நுரைத்துப்போகும். நுரை ஆட்டத்தை அடக்காது. கேஸின் அழுத்தம் நுரைக்க விடாது.

அதற்கடுத்து ரப்பர் புஷ்கள். பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் பட்டையின் கண்ணில் இருக்கும் புஷ் தேய்ந்தால், வளைவில் பின் அச்சே லேசாகத் திரும்பிவிடும். யாரோ பின்னால் இருந்து ஸ்டியரிங் பிடிப்பது போல இருக்கும். ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ்ஷும் கிடைக்கிறது. வண்டி நேராகப் போகும், ஆனால் சத்தமும் அதிர்வும் கூடும். வீட்டு வண்டிக்கு ரப்பரே போதும்.

முன்சக்கரத்தில் கிங் பின் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் தேய்ந்து ஆடும். சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். ஆயிரம் ரூபாய் வேலையா, அதற்கும் மேலா என்று பட்டறைக்குப் போகும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகுதான் போக வேண்டும். டார்ஷன் பாரை நீங்களே கழற்றாதீர்கள். முறுக்கேறிய தண்டு அவிழ்ந்து அடித்தால் கை எலும்பு உடையும். இடது தண்டும் வலது தண்டும் ஒன்றல்ல. மாற்றிப் பூட்டினால் தண்டு முறிந்துபோகலாம். முன்பக்க உயரத்தைச் சரிசெய்வதும் பழகிய மிஸ்திரியின் வேலை.

எல்லாம் முடிந்தபின் கடைசியாக வீல் அலைன்மென்ட். முதலிலேயே செய்தால் காசு வீண். ஏனென்றால் புஷ் மாற்றினாலும், உயரம் மாற்றினாலும் சக்கரத்தின் கோணம் மாறிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. தேய்ந்த ஷாக்கைக் கழற்றி அதே வகை ஷாக் போடுவது பழுதுபார்ப்பு. சட்டத்தை வெட்டி வேறு வண்டியின் அச்சைப் பூட்டுவது அப்படி அல்ல. சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அதிகாரி அடியில் பார்ப்பார்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும், தெரிந்த சாலையில், பகலில், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் நான்கையும் மாற்றினால் எதனால் குணமானது என்று தெரியாது. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், டயர் காற்று ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

அதிர்ச்சியைத் தாங்குவது எது? ஆட்டத்தை நிறுத்துவது எது?

பிரேக்கை மிதித்தபின் சக்கரத்தின் ஆட்டம் நின்றது. குறை எங்கே?

உங்கள் ஊர் மெக்கானிக்கிடம், பட்டை கூட்டிய வண்டி மழையில் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஐந்து வரியில் எழுதுங்கள்.