ஏ9 வீதியை விட்டு இறங்கினால்: பூநகரி வழியே மன்னாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கோ மடுவுக்கோ வாகனம் எடுப்பவர்களில் பலர் இன்னமும் ஏ9 வீதியைத்தான் பிடிக்கிறார்கள். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று ஒவ்வொரு நகரமாக ஊர்ந்து கடந்து, பிறகு மேற்கே திரும்புகிறார்கள். அவ்வளவு சுற்றத் தேவையில்லை. கடலேரியைத் தாண்டி மேற்குக் கரையோரமாக இறங்கும் ஏ32 வீதியில் ஒரு பெருநகரமும் குறுக்கிடாது. ஆனால் நகரத்தைத் தவிர்க்கும்போது பெற்றோல் செட், மருந்துக் கடை, ரயர் கடை எல்லாவற்றையும் சேர்த்தே தவிர்க்கிறோம். அதனால் எங்கே எது கிடைக்காது என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்.

படி 1: பாதையை ஊர்ப் பெயர்களால் மனதில் போடுங்கள்

பிரான்சில் 1976இல் தொடங்கிய 'பிசோன் ஃபூத்தே' சேவை, விடுமுறைக் கால நெரிசலில் சிக்காமல் போகும் மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லிவந்தது. பாரிஸிலிருந்து வரும் நம் உறவுகளுக்கு அது பழகிய பெயர். இங்கே அப்படியொரு ஏற்பாடு இல்லை. கைபேசி வரைபடமும் சிலவேளை உங்களை ஏ9 பக்கமே இழுக்கும். அதனால் சேருமிடத்தை மட்டும் கொடுக்காமல், இடையில் 'சங்குப்பிட்டிப் பாலம்' என்று ஒரு நிறுத்தத்தையும் சேருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே நாவற்குழிவரை வந்து வலப்பக்கம் திரும்பவேண்டும். பிறகு கேரதீவு, பாலம், பூநகரி, பல்லவராயன்கட்டு, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, தள்ளாடி, மன்னார். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: திரும்பிவரும் வழிகளைக் குறியுங்கள்

பாதி வழியில் வாகனம் மக்கர் செய்தால், அல்லது மழை பிடித்துக்கொண்டால், ஏ9 வீதிக்குப் போய்ச்சேர இரண்டு நல்ல குறுக்கு வீதிகள் உண்டு. ஒன்று பூநகரியிலிருந்து பரந்தனுக்கு. மற்றது வெள்ளாங்குளத்திலிருந்து துணுக்காய் வழியே மாங்குளத்துக்கு. வெள்ளாங்குளத்தைத் தாண்டிவிட்டால், திரும்புவதைவிட மன்னாரை நோக்கிப் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

படி 3: புறப்படும் முன் நிரப்புங்கள், சரிபாருங்கள்

எரிபொருளை யாழ்ப்பாணத்திலேயே நிரப்புங்கள். வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பவேண்டாம். மேலதிக ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பாருங்கள், ஜக்கியையும் எடுத்து வையுங்கள். கார்களுக்கு ஊர்மனைகளில் மணிக்கு 50 கிலோமீட்டர், வெளியே 70 கிலோமீட்டர் என்பதே வேக எல்லை. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். அதற்கு இலங்கையிலும் அங்கீகாரம் பெறவேண்டும்.

படி 4: மாதத்தையும் நேரத்தையும் தெரிவுசெய்யுங்கள்

இந்தப் பயணத்தில் அதிகம் யோசிக்கவேண்டிய படி இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்டைக்கல்லாறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் பெருக்கெடுக்கும். தாழ்நிலங்களில் வெள்ளம் வீதியைத் தொடும். அந்த நாட்களில் அங்குள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்காமல் கிளம்பக்கூடாது.

காலபோகத்தில் வயலெல்லாம் பயிர் நிற்கும். மாடுகளுக்குப் படுக்க உலர்ந்த இடம் கிடைக்காது. பொழுதுபட்டதும் சூடு ஆறாத தார்வீதியில் வந்து படுத்து அசைபோடும். கறுத்த வீதியில் கறுத்த மாடு, வெளிச்சத்தில் கண் மினுங்கும்போதுதான் தெரியும். அதற்குள் நீங்கள் கிட்டப் போயிருப்பீர்கள். இந்தக் கட்டாக்காலிகளுக்காகவே சொல்கிறேன், இருட்டிய பிறகு இந்த வீதியில் ஓட்டவேண்டாம். விடியப் புறப்பட்டு மதியத்துக்குள் மன்னாரில் இருங்கள்.

அறுவடை முடிந்ததும் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயும். அதன் ஓரத்தில் கல்லோ தடியோ வைத்திருப்பார்கள். வேகத்தைக் குறைத்து, எதிரே வரும் வாகனத்துக்கு இடம் விட்டுப் போங்கள். ரயர் ஏறி நசிவது ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு.

திருக்கேதீஸ்வரத்தில் சிவராத்திரி, மடுவில் ஆடி 2, ஆவணி 15 என்று இங்கே எல்லோரும் சொல்லும் ஜூலை 2, ஆகஸ்ட் 15 திருவிழாக்கள். அந்த நாட்களில் இந்த அமைதியான வீதியும் நிரம்பிவிடும்.

படி 5: பூநகரியில் இறங்குங்கள்

சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர். 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன்பு கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் கடலேரியைப் 'பாதை' என்கிற மிதவையில்தான் கடந்தோம், வாகனத்தையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு. போர்க்காலத்தில் அதுவும் இல்லாமற்போனது. அதனால் இந்தப் பாலத்தை ஒரே ஓட்டமாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. பாலத்தைத் தாண்டி, ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி, நடந்து வந்து பாருங்கள்.

பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் வாங்குங்கள். மேற்கே கௌதாரிமுனையின் மணல்மேடுகளும், மண்ணித்தலையில் சிதைந்து நிற்கும் பழைய சிவன் கோயிலும் உண்டு. அந்த வழி மணலும் குழியுமானது, தாழ்ந்த காருக்கு ஏற்றதல்ல. அங்கே போவதென்றால் அதற்கென்று அரைநாள் ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்புப் பலகை கண்டால் படம் எடுக்கக்கூட உள்ளே கால் வைக்கவேண்டாம். ஆளில்லாப் பற்றைக்குள் வண்டியை இறக்கவும் வேண்டாம்.

படி 6: மன்னாருக்குத் தெற்கே

புத்தளம், கொழும்பு போகிறவர்கள் வரைபடத்தில் கரையோரமாக ஒரு கோட்டைப் பார்த்து ஆசைப்படுவார்கள். அது வில்பத்து தேசியப் பூங்காவின் ஊடாகப் போகும், வழக்குகளில் அகப்பட்ட பாதை. எலுவன்குளத்தில் கலா ஓயாவைச் சப்பாத்துப் பாலத்தால் கடக்கவேண்டும், ஆறு பெருகினால் வழி இல்லை. அதை நம்பித் திட்டம் போடாமல் ஏ14 வீதியைப் பிடியுங்கள். மடு வீதி, செட்டிகுளம், மதவாச்சி என்று வவுனியா நகரத்துக்குள் நுழையாமலே அது கொண்டுபோய்விடும். அடுத்து வரும் அனுராதபுரத்தைப் பாடசாலை விடும் வேளைக்கு முன்போ பின்போ கடந்து, ஏ12 வீதியில் நொச்சியாகம வழியே புத்தளத்துக்கு இறங்கலாம்.