கதிர் படாத செல்லுக்கும் காயம்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இப்போது கரண்ட் வைக்கிறார்கள். கதிர் பட்ட செல், பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லையும் கெடுத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியென்றால் டாக்டர் சொன்னதைவிட அதிகமாக உடம்பு பாதிக்குமா? என் 2 வயது மகளை அம்மா மடியில் உட்கார வைக்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக உட்கார வைக்கலாம். லீனியர் ஆக்சலரேட்டர் மெஷினிலிருந்து வரும் எக்ஸ் கதிர், மெஷினை நிறுத்திய நொடியே நின்றுவிடும். நோயாளியின் உடம்பில் எதுவும் தங்குவதில்லை; வீட்டுக்கு வந்த பிறகு அவரிடமிருந்து பேத்திக்கு எந்தக் கதிரும் போகாது. தைராய்டு புற்றுநோய்க்கு ரேடியோ அயோடின் குடித்தவர்கள்தான் சில நாட்களுக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகி இருக்க வேண்டும். அது வேறு சிகிச்சை.

ஆனால் வீடியோவில் சொன்னது முழுக்கக் கட்டுக்கதையும் அல்ல. ‘பைஸ்டாண்டர் எஃபெக்ட்’ எனப்படும் இந்த அண்டை விளைவு, சோதனைச்சாலைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அது செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நடப்பது. ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை.

கதிர் நேரடியாகத் தாக்கிய செல்லின் டிஎன்ஏ மட்டுமே சேதமாகும் என்பதுதான் பல்லாண்டுகளாகப் பாடப்புத்தகம் சொல்லிவந்த கணக்கு. 1992-ல் ஹார்வர்டின் பொது சுகாதாரக் கல்லூரியில் நாகசாவாவும் ஜான் லிட்டிலும், ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள்மேல் மிகக் குறைந்த அளவில் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். துகள் ஊடுருவிய செல் உட்கருக்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. மாற்றம் தெரிந்த செல்களோ சுமார் 30 சதவீதம்.

அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியும். செல் பிரியத் தயாராகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு இழைகளாக இருக்கும். ஒரு தனி முறையில் சாயமேற்றினால் ஓர் இழை அடர்ந்தும் இன்னொன்று வெளிறியும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். இரண்டும் அறுந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தால், அடர்ந்த இழையின் நடுவில் ஒரு வெளிறிய துண்டும், எதிரே வெளிறிய இழையில் ஓர் அடர்ந்த துண்டும் இருக்கும். துகளே படாத செல்களில் அத்தகைய துண்டுகள் கூடியிருந்தன. யாரோ அவற்றுக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும்.

அடிபட்ட செல்கள் எப்படிச் சொல்லின? இரண்டு வழிகள் இப்போது நன்றாகத் தெரியும். ஒட்டி நிற்கும் செல்களுக்கு நடுவே கனெக்சின் என்ற புரதத்தால் ஆன நுண்ணிய குழாய்கள் உண்டு. சிறிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே நேராகவே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செல் செல்லாகக் குறிவைத்துத் துகளைச் செலுத்தும் கருவி இருக்கிறது. அதைக்கொண்டு செல்களில் 20 சதவீதத்தை மட்டும் தாக்கியபோது, எதிர்பார்த்ததைப்போல 3 மடங்கு மரபணு மாற்றங்கள் வந்தன. அந்தக் குழாய்களை அடைக்கும் ரசாயனத்தைச் சேர்த்ததும் விளைவு குறைந்தது. 2000-ல் வெளியான ஆய்வு இது.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. டப்ளினில் கார்மல் மதர்சில், காலின் சீமோர் இருவரும் கதிர் காட்டிய மனித எபிதீலியல் செல்களின் வளர்ப்புத் திரவத்தை மட்டும் வடிகட்டி எடுத்து, கதிரையே பார்த்திராத செல்களின் மேல் ஊற்றினார்கள். அவற்றில் பல பெருக முடியாமல் மடிந்தன. செல்லே இல்லாமல் வெறும் திரவத்துக்குக் கதிர் காட்டி ஊற்றியபோது ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, அடிபட்ட செல்தான் எதையோ திரவத்துக்குள் விட்டிருக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு செல்கள் அப்படி எதையும் விடவில்லை என்பதும் 1997-ல் அவர்கள் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. எல்லாச் செல்லும் ஒரே மாதிரி கூக்குரல் இடுவதில்லை.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். இந்த அண்டை விளைவு குறைந்த கதிரிலேயே அதன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது; டோஸ் ஏற ஏற அதுவும் கூடவே ஏறிக்கொண்டு போவதில்லை. சிகிச்சையில் தரும் பெரிய டோஸில் நேரடித் தாக்குதலின் பங்குதான் மிகப் பெரிது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மார்பகத்துக்கு 40 கிரே, 15 தவணை என்பது இன்று பரவலாகத் தரும் அளவு. அந்த எண் கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல்களைப் பார்த்து முடிவானது அல்ல. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சிகிச்சை தந்து, தோல் எப்படி ஆறியது, நோய் திரும்பியதா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து முடிவானது. அந்தப் பெண்களின் உடம்பிலும் அண்டைச் செல்கள் இருந்தன. அவற்றுக்கு என்ன நேர்ந்ததோ அதுவும் அந்த முடிவுக்குள் அடக்கம். டாக்டர் சொன்ன பக்கவிளைவுக் கணக்குக்கு மேலே தனியாக எதையும் கூட்ட வேண்டியதில்லை. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நடுவில் தவணையை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து.

குறைந்த கதிரைப் பற்றிய அச்சத்துக்கும் மனிதர்களிடமே விடை தேடியிருக்கிறார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் அதே மோனசைட் மணல், கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இருக்கிறது. அதிலுள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அப்பகுதியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கதிர் கூடுதலாகப் பட்டவர்களுக்குப் புற்றுநோய் அதிகமாக வந்ததாகத் தெரியவில்லை. தட்டில் கண்டதை அப்படியே உடம்புக்கு மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கேள்வி: அண்டைச் செல்லைக் கெடுக்கும் இந்தக் குணத்தைப் புற்றுநோய்க்கு எதிராகவே திருப்ப முடியாதா?
— ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: திருப்பியாயிற்று. முதல் முயற்சி 1990-களில் நடந்தது. ஹெர்பிஸ் வைரஸின் ஒரு மரபணுவைப் புற்றுச் செல்லுக்குள் புகுத்தி, பிறகு கேன்சிக்ளோவிர் மருந்து கொடுத்தால் அந்தச் செல்லுக்குள் மருந்து நஞ்சாக மாறும். எலிகளில் சிறு பங்குச் செல்களுக்கு மட்டும் மரபணு இருந்தபோதே கட்டி கரைந்தது. நஞ்சு பக்கத்துச் செல்களுக்கும் பரவியதே காரணம். மூளைக்கட்டி நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் இது கைகொடுக்கவில்லை. மரபணு போய்ச் சேர்ந்த செல்கள் போதவில்லை.

வென்றது வேறொரு வழி: ஆன்டிபாடியின் முதுகில் நஞ்சை ஏற்றி அனுப்புவது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஹெர்2 என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடி, நஞ்சைச் செல்லுக்குள் இறக்குகிறது. இந்த வகையில் முதலில் வந்த டி-டிஎம்1 மருந்தின் நஞ்சு, உள்ளே உடைந்த பிறகு மின்னேற்றத்தோடு இருப்பதால் செல் சவ்வைத் தாண்டி வெளியே வர முடியாது. இறங்கிய செல்லோடு அதன் வேலை முடிந்தது. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் அப்படியில்லை. அதன் நஞ்சு சவ்வைக் கடந்து, ஹெர்2 இல்லாத பக்கத்துப் புற்றுச் செல்லுக்குள்ளும் நுழைந்துவிடும்.

ஒரே கட்டியில் ஹெர்2 உள்ள செல்லும் இல்லாத செல்லும் கலந்துகிடப்பது சகஜம் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய பலன் தந்தது. ஹெர்2 குறைவாக உள்ள, உடம்பில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயாளிகள் 557 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. நோய் வளராமல் நின்ற காலத்தின் இடைநிலை, வழக்கமான கீமோவில் 5.1 மாதம், புதிய மருந்தில் 9.9 மாதம். வாழ்நாள் 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதமாகக் கூடியது. அதுவரை ஹெர்2 ‘நெகட்டிவ்’ என்று ஒதுக்கப்பட்ட பெண்களில் பலருக்கு, ஹெர்2 குறைவாக இருப்பதைக் காட்டும், ரிப்போர்ட்டில் இருக்கும் ‘1+’ என்ற குறிக்கு முதன்முறையாக அர்த்தம் கிடைத்தது.

விலையும் இருக்கிறது. அந்த மருந்தை எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது; சிலர் அதனாலேயே இறந்தார்கள். எனவே இம்மருந்து எடுப்பவருக்கு வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ புதிதாகத் தொடங்கினால், அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அழற்சியை ஸ்கேனில் ஆரம்பத்திலேயே கண்டு, மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு தொடங்குவதுதான் நடைமுறை.