கோபுரமா, ஊழியமா?

கேள்வி: எங்கள் சேகரத்து இளைஞர்கள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட்டார்கள். கையிருப்புத் தொகையில் கோபுரம் கட்டுவதா, மிஷனரிப் பணிக்குக் கொடுப்பதா, ஊரிலேயே ஏதாவது தொடங்குவதா? கமிட்டியில் ஒத்துப்போகவில்லை.
– வாசகர், நாசரேத்

பதில்: அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைக் கமிட்டியில் ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. போதிப்பதையும் விடவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள் என்பதைப் பாருங்கள்: விடுபட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்கள் வந்தார்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

கண்ணெதிரே உள்ள தேவையைப் பார்த்து ஊழியம் தொடங்கும் பழக்கம் உங்கள் மண்ணுக்கும் உண்டு. 1903இல் வெள்ளாளன்விளை அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், திருநெல்வேலி விசுவாசிகளின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அன்றைய தேவை அது. அதே திருநெல்வேலிப் பகுதியில், பாளையங்கோட்டையில், பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். எதுவும் மற்றதைவிடத் தாழ்ந்த ஊழியம் அல்ல.

கோபுரம் காத்திருக்கலாம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிள்ளைகள் வெளியூர் போன வீடுகளில் இருப்பது யார்? மருந்து வாங்கித்தர ஆளில்லாத பெரியவர்கள். கமிட்டியார் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போய், பிற மதத்தார் வீடுகளுக்கும் போய், கேட்டு எழுதி வாருங்கள். மிஷனரிக் காணிக்கையைக் குறைக்காமல், கோபுரத் தொகையில் ஒரு செவிலியரை அமர்த்துங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவர்களையும் பேசவிடுங்கள்.