தொலைவிலிருந்து கணினி பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தை காலி வீதிப் புடைவைக் கடைகள், கொட்டாஞ்சேனை அச்சகங்கள், துறைமுகத்தை நம்பியிருக்கும் கிளியரிங் அலுவலகங்கள் எல்லாம் பத்துப் பதினைந்து கணினிகளோடுதான் நடக்கின்றன. தனியாக ஐ.டி. ஆள் வைத்திருக்க அவர்களுக்குக் கட்டாது. வீட்டிலிருந்தபடி இப்படி நாலைந்து இடங்களைப் பார்க்கத் தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன்.

1. முதலில் நேரில் போங்கள். எந்தக் கணினியில் யார் இருக்கிறார், எந்த விண்டோஸ், எந்த பிரிண்டர், எந்தக் கணக்கு மென்பொருள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் கணினிகளைத் தனியே குறித்து முதலாளியிடம் கொடுங்கள்.

2. ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் மாறாத முகவரி ஒதுக்குங்கள். விண்டோஸ் கடையின் வலையமைப்பைப் 'பொது' என்று எடுத்துக்கொண்டால் உங்கள் கட்டளையை உள்ளே விடாது. அதைத் 'தனியார்' என்று மாற்றிவிட்டே வீடு திரும்புங்கள்.

3. எதையும் ஒரே நேரத்தில் எல்லாக் கணினிக்கும் அனுப்பாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. திருத்தம் சீக்கிரமே தயாரானது. ஆனால் கணினி எழும்பினால்தானே அது போய்ச் சேரும்! பெரும்பாலானவற்றுக்கு ஆள் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. வேலை குறைந்த மேசை ஒன்றைத் தெரிந்து, அதில் முதலில் நிறுவி, ஒரு முழு வியாபார நாளை விடுங்கள். பில் போடும் கணினி கடைசியில்தான். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் புடைவைக் கடையில் கை வைக்கவே வேண்டாம்.

4. நிறுவும் கோப்பை ஒருமுறை இறக்கி, அலுவலகத்திலேயே ஒரு பொதுக் கோப்புறையில் வையுங்கள். பதினைந்து கணினியும் தனித்தனியே இறக்கினால் மாத டேட்டா அதிலேயே போய்விடும். அச்சகங்களில் எழுத்துருக்களை மறக்காதீர்கள். பாமினியிலும் சிங்கள எஃப்எம் அபயாவிலும் செய்த பழைய வேலைகள் அங்கே ஏராளம். தொலைவிலிருந்து உங்கள் கணக்கில் நிறுவிய எழுத்துரு, அந்த மேசைப் பிள்ளையின் கணக்கில் தெரியாமல் போகலாம். எல்லாப் பயனர்களுக்கும் என்று நிறுவுங்கள்.

5. இரவில் கணினியை வலையமைப்பு வழியே எழுப்பலாம் என்று படித்திருப்பீர்கள். நம் கடைகளில் பூட்டும்போது சுவர் சுவிட்சையே நிறுத்திவிடுவார்கள். பிறகு எதுவும் எழும்பாது. பூட்டுகிறவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். மின்சாரத்தையும் நம்பியிருக்க முடியாது. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேரம் வெட்டு; 2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுவதும் இருண்டது. யூபிஎஸ் இல்லாத கணினியில் பெரிய புதுப்பிப்பைத் தொடங்காதீர்கள். ரவுட்டருக்கும் ஒரு யூபிஎஸ் கேளுங்கள்.

6. நீங்கள் உள்ளே போகும் வழியால் கள்ளனும் போவான். 3389ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாமல் விபிஎன் வழியாகப் போங்கள். 2021 ஜூலை 2 அன்று கசேயா என்ற தொலை நிர்வாக மென்பொருள் வழியாகவே பணம் பறிக்கும் நிரல் பரவியது. சுவீடனில் கூப் கடைகள் நூற்றுக்கணக்கில் காசு வாங்க வழியின்றிப் பூட்டின. நிர்வாகக் கடவுச்சொல் கணினிக்குக் கணினி வேறாக இருக்கட்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

7. திரைக்குள் நுழையுமுன் கேளுங்கள். "அக்கா, இப்ப பார்க்கலாமா?" என்று ஒரு அழைப்பு போதும். அவர் முன்னால் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கமோ, சம்பளப் பட்டியலோ திறந்திருக்கலாம். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியதுதான்.

8. 2023இல் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்தக் காலத்துக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. ஓடியதும் ஆதரவு முடிந்த பழைய மென்பொருள். ஆகவே ஒரு பிரதியை வெளி வன்தட்டில் எடுத்து, கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து கணக்குக் கோப்பை வேறொரு கணினியில் மீட்டு, கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தொகை சரிதானா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.